கடன் ரத்தம்

ஓஸ்லாவின் வீட்டில் பதின்மூன்று டிகிரி.
வடக்குச் சுவரோரம், பெட்டிகளுக்குள்,
முப்பது. முப்பத்திரண்டு. நாற்பது.
மூன்று கண்ணாடிக் கோடைகள்.
எதிரே நாற்காலியில் அவள்,
இரண்டு ஜோடி காலுறை, தொப்பி,
யாரோ கப்பலில் விட்டுப்போன கம்பளிச் சட்டை.

யெல் தீவின் டிசம்பர்
மூன்று மணிக்கே விளக்கணைத்துப் படுத்துவிடும்.
காற்று மட்டும் ஷிப்ட் மாறாமல் வேலை பார்க்கும்.
கல்வீடு.
சாவித் துவாரம் விசிலடிக்கும்,
சொந்தக்காரி உள்ளே இருக்கும்போதே.

பெட்டிகளின் முதுகில் தெர்மாகோல் ஒட்டியிருக்கிறாள்.
சால்மன் ஆலையில் மீனுக்கு ஐஸ் கட்டும் பெட்டிகளை
அறுத்து எடுத்தது. இன்னும் கவுச்சி போகவில்லை.
அங்கே குளிரைக் காத்தது
இங்கே சூட்டைக் காக்கிறது.
அட்டைக்கு யார் பக்கம் என்ற கவலையெல்லாம் இல்லை.

கீழே சோளப் பாம்பு, அதன்மேல் பல்லி,
உச்சியில் தாடி ஓணான்.
சூடு மேலேதான் ஏறும்,
கீழ்வீட்டுக்காரன் விட்டது மேல்வீட்டுக்காரனுக்கு.
எல்லாவற்றுக்கும் மேலே, பலகையில்,
அவளுடைய தேநீர்க் கோப்பை.

அண்ணன் மேக்னி ரசீதைப் பார்த்துவிட்டு
ரசீதைத் திருப்பியும் பார்த்தான்.
பாம்புக்குப் பால் வார்த்தவர்கள் உண்டு.
இவள் யூனிட் யூனிட்டாக வார்க்கிறாள்.

குளிர் ரத்தம் என்கிறோம். பிசகு.
தொட்டுப் பாருங்கள், மதியம் ஓணான்
உங்களைவிடச் சுடும்.
அது கடன் ரத்தம்.
வெயிலிடம் வாங்கும், கல்லிடம் வாங்கும்,
ராத்திரிக்குள் அத்தனையும் திருப்பித் தந்துவிடும்.
நாம்தான்
உள்ளுக்குள் அடுப்பை மூட்டி வைத்துக்கொண்டு
யாருக்கும் கடனில்லை என்று திரிகிறோம்.

அவள் வீட்டுப் பல்லி பேசுவதில்லை.
அதற்கும் சேர்த்துத் தெர்மோஸ்டாட் பேசும்.
பலன் பார்க்கப் பஞ்சாங்கம் வேண்டாம்:
ஒரு ‘டிக்’, போதும்.
இன்னொரு ‘டிக்’, போதாது.
பதினோரு வருஷமாக
இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் தூங்குகிறாள்.

வியாழன் இரவு அவளை எழுப்பியது சத்தமல்ல.

போதாது என்று யாரும் சொல்லவில்லை.
இருட்டு. மலைமேல் எங்கோ கம்பி அறுந்திருக்க வேண்டும்.
பெட்டிக்குள் இருபத்தாறு, இருபத்தைந்து,
டார்ச்சைத் திருப்புவதற்குள் இன்னும் அரை.
ஓணான் தாங்கும். பல்லி தாங்கும்.
பாம்பு புதன்கிழமைதான் சுண்டெலி விழுங்கியிருந்தது.
சூடு விட்டால் வயிற்றில் இரை கிடந்து அழுகும்,
கக்கிவிடும்,
கக்கினால் அதோடு முடிவதில்லை.

அடுத்த வீட்டு லோவ்ரியிடம் பீட் கட்டி எரியும் அடுப்பு உண்டு.
பாம்பு இருக்கும்வரை உன் வாசல் மிதிக்கமாட்டேன் என்று
அவன் சொன்னது எந்த வருஷம் என்பது
இரண்டு பேருக்குமே மறந்துபோயிருந்தது, சொன்னது மறக்கவில்லை.
கதவைத் தட்டினாள்.
கெட்டிலைச் சாய்வான மழைக்குள் தூக்கிவந்தான்,
வாசற்படிக்கு வெளியே நின்று
கையை மட்டும் உள்ளே நீட்டினான்.

வெந்நீர்ப் பை. அதன்மேல் துண்டு,
அதன்மேல் இன்னொரு துண்டு.
வெறும் பையில் படுத்தால் வெந்துபோகும்,
சுடுகிறது என்று நகரத் தெரியாது அதற்கு.

மூன்றாவது கெட்டிலுக்கு லோவ்ரி நடைக்குள் வந்திருந்தான்.
ஐந்தாவதுக்கு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு,
டார்ச்சைப் பிடித்தான்.

ஆறே முக்காலுக்கு
டிக்.

ஓணான் ஒரு கண்ணை மட்டும் திறந்து,
விளக்கைப் பார்த்து, மூடிக்கொண்டது.
நன்றி பாலூட்டிகளின் பழக்கம்.
ஓஸ்லா அப்போதுதான் தன் விரல்களைப் பார்த்தாள்.
நகமெல்லாம் நீலம்.
கோப்பையை எடுத்து மறுபடி பலகைமேல் வைத்தாள்,
உள்ளே நேற்றைய தேநீர்.

திங்களன்று கடையில்
வெங்காயம் பொறுக்குகிற லோவ்ரி
வெங்காயத்திடம் கேட்பதுபோலக் கேட்டான்:
“எலி தங்கியதா?”

“தங்கியது.”

இன்னும் இரண்டு வெங்காயம் எடுத்துக்கொண்டான்.