பதினேழாம் படிவம்

"மழை எல்லாருக்கும் பொதுதானே மேடம்" என்றான்
மூன்றாவது பெஞ்சு ஹரிஹரசுதன்.
கரும்பலகையில் அதை அப்படியே எழுதி
அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு
மறுநாள் செல்லூருக்குக் கூட்டிப்போனேன்.

பதினோரு பேர். ஆளுக்கு ஐந்து படிவம்.
ஜெராக்ஸ் காசு என்னுடையது.
கௌரவ விரிவுரையாளருக்கு
கௌரவம் மாதாமாதம் வந்துவிடும்,
சம்பளம் அப்படியில்லை.

வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்
தண்ணீர் நின்ற கோடு கணுக்கால் உயரம்.
அந்தப் பக்கம்
சுவரில் மாட்டிய சாமி படத்துக்கும் மேலே.
நடுவில் பதினைந்து அடிகூட இல்லை.
ஹரிஹரசுதன் டேப்பை இரண்டு முறை பிடித்துப் பார்த்தான்.
இந்தக் கரைக்கு மட்டும் கான்கிரீட் போட்டது யார்,
அந்தக் கரையை மண்ணாகவே விட்டது யார்,
யாரிடம் கேட்பது மேடம் என்றான்.
கேள்வி ஒன்பதில் அதற்கு இடமில்லை.

படிவம் நான் தயாரித்ததுதான்.
சுவர், கூரை, ஆடு, மாடு, மிக்சி, கட்டில்.
இழப்பு என்றால் இன்னதென்று
தெரிந்தவள் மாதிரி கட்டம் போட்டிருந்தேன்.
வாடகைக்கு இருப்பவர்
இடிந்த சுவரை எந்தக் கட்டத்தில் எழுதுவார்?
நிவாரணம் சுவர்க்காரருக்குப் போயிற்று.
அவர் நாராயணபுரத்தில், இரண்டாம் மாடியில்.

ராத்திரி அடுக்கிப் பார்க்கையில்
பதினேழாம் படிவம்.
பெயர்: சொல்ல விரும்பவில்லை. வயது: இருபது.
கட்டமெல்லாம் காலி. ஓரத்தில் பென்சிலில்:
"மூணு நாள் பள்ளிக்கூடத்தில் தங்கினோம்.
இருநூறு பேருக்கு ஒரே கக்கூஸ். தாழ்ப்பாள் கிடையாது.
அதனால் பொம்பளைகள் யாரும் தண்ணி குடிக்கலை."

தங்கினோம்.
கணக்கெடுத்தவர் பெயர்: பாண்டிமீனா.

வருகைப் பதிவேட்டை எடுத்தேன்.
எங்கள் கல்லூரி மேட்டில் இருக்கிறது,
அந்த வாரம் ஒருநாள்தான் லீவு விட்டார்கள்.
பாண்டிமீனா பெயருக்கு நேரே
சிவப்பில் மூன்று ஆப்சென்ட், என் கையெழுத்து.
நான்காம் நாள் வாசலில் நின்றவளிடம்
மெடிக்கல் சர்டிபிகேட் கேட்டதும் நான்தான்.
மறுநாளே கொண்டுவந்தாள்.
மூன்று நாள் காய்ச்சல் என்றிருந்தது.

சிவப்பை அடிக்க விதியில்லை.
பக்கத்தில் பச்சை மையில்
'களப்பணி' என்று பொடியாக எழுதினேன்.
திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
அழுவாள் என்று நினைத்தேனோ என்னவோ.

பார்த்தாள்.
பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கேட்டாள்:
"அந்தச் சர்டிபிகேட்டுக்கு
டாக்டர் நூத்தம்பது வாங்கினார் மேடம்.
அது எந்தக் கட்டம்?"