ஆணியா, போல்டா

காற்றின் வேகத்தை நாங்கள் அளப்பதில்லை.
அளக்கிற கருவியைத்தான்
காற்று முதலில் பிடுங்கிப் போடும்.
அது போன மறுநாள்
ரப்பர் பூட்ஸும் அளவுநாடாவுமாய் வந்து,
உடைந்ததைப் பார்த்து
உடைத்தது எவ்வளவு என்று
பின்னோக்கிக் கணக்குப் போடுவது என் வேலை.

நெப்ராஸ்கா. ஜூன். காலை ஏழரை.
நேற்று எதுவுமே நடக்காததுபோல் ஒரு நீலம்.
முழங்கால் உயரச் சோளம்
பாதைக்குத் தெற்கே வடக்குப் பார்த்தும்
வடக்கே தெற்குப் பார்த்தும் விழுந்து கிடக்கிறது.
நேர்க்காற்றென்றால் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்.
இது சுழன்றிருக்கிறது.
அதில் மட்டும் சந்தேகமில்லை.

வளைகுடாவிலிருந்து வந்த ஈரம் தரையோடு தரையாய்.
அதன்மேல் மேற்கு மேட்டுநிலத்தின் வறட்டுச் சூடு,
குக்கர் மூடிபோல், மாலை ஐந்து வரை.
கீழே தென்கிழக்குக் காற்று, உயரத்தில் மேற்குக் காற்று,
நடுவில் அகப்பட்ட காற்று படுத்தபடி உருண்டது.
மூடி திறந்ததும் மேலே பாய்ந்தது
அந்த உருளையை நிமிர்த்தி வைத்தது.
இதுவரை எனக்குத் தெரியும்.
நிமிர்ந்தவற்றில் சில மட்டும்
ஏன் தரையைத் தொடுகின்றன
என்பது
இருபத்திரண்டு வருடமாய்த் தெரியாது.

ரேடார் எழுபது மைல் தள்ளி.
பூமி வளைவதால் அதன் கதிர்
ப்ரொஹாஸ்கா வீட்டுக் கூரைக்கு
ஆறாயிரம் அடி மேலேதான் பார்த்தது.
கூரை போனதை அது பார்க்கவில்லை.

கூரையும் இல்லை, சுவரும் இல்லை.
துடைத்துவிட்ட சிமென்ட் தரையில்
குளியலறைக் குழாய் மட்டும் நிற்கிறது.
எமிலும் வில்மாவும் நிலவறைப் படிக்கட்டின் அடியில்,
ஒரு நாயோடும்
முப்பது பாட்டில் பீட்ரூட் ஊறுகாயோடும்
பிழைத்துக்கொண்டார்கள்.
பாட்டில் ஒன்றுகூட உடையவில்லை
என்று நாலு தரம் சொன்னாள் வில்மா.

நான் அஸ்திவார விளிம்பில் மண்டியிட்டேன்.
நட்டும் வாஷரும் இருக்கவேண்டிய இடத்தில்
வளைந்த ஆணிகள்.

"எவ்வளவு?" என்றார் எமில்.
"ரேடியோவில் நாலு என்கிறான்."

போல்ட் போட்டு இறுக்கிய வீடு இப்படிப் போயிருந்தால்
மணிக்கு இருநூறு மைல். நான்கு.
ஆணி மட்டும் அடித்த வீடென்றால்
நூற்று அறுபத்தைந்து போதும். மூன்று.
காற்று குறைவென்று பொருளில்லை,
அதற்குமேல் நிரூபிக்க
இந்த வீட்டிடம் சாட்சியம் இல்லை.

இதை எப்படிச் சொல்வதென்று
யாரும் எனக்குப் பயிற்சி கொடுக்கவில்லை.
சொன்னேன்.

"எழுபத்தெட்டில் நானும் மச்சானும் கட்டியது," என்றார்.
"போல்ட் வாங்கக் கிளம்பின அன்றைக்கு மழை.
ஆணி கையில் இருந்தது."
பிறகு:
"அப்போ புயலுக்கு மார்க் குறைத்தது நானா?"

பதில் தேடி வயலைப் பார்த்தேன்.
அரை மைல் தள்ளிப் புல்லோடு மண்ணும் உரிந்து,
ஈரமாய்க் கறுப்பாய் ஒரு பட்டை.
அங்கேதான் உச்சத்தில் இருந்திருக்க வேண்டும்.
என் கையேட்டில் இருபத்தெட்டு வகை உண்டு:
வீடு, கொட்டகை, மோட்டல், பள்ளிக்கூடம்,
மின்கம்பம், மரம்.
புல் கிடையாது.
எதையும் தொடாமல் போகிற சூறாவளிக்கு
"தெரியவில்லை" என்றுதான் பெயர்.

மூன்று என்று எழுதினேன்.

எமில் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:
"போல்ட் எத்தனை அடிக்கு ஒன்று?"
"ஆறு."
"நாலு என்றால்?"
"இன்னும் நல்லது."

என் பென்சிலை வாங்கி
யார் வீட்டுடையதோ ஒரு பலகையில்
சுற்றளவைப் பெருக்கி வகுக்க ஆரம்பித்தார்.
நாய் அவர் காலடியில் படுத்துக்கொண்டது.
பென்சிலைத் திருப்பித் தரவில்லை.
அடுத்த வீட்டுக்கு நான் பேனாவோடு போனேன்.