ஏறுகிற வண்டி

கோத்தகிரியில் இரண்டு நாள்.
நான்கு அணி, ஒரே வெள்ளைப் பலகை.
'வாடிக்கையாளர்' என்று எழுதி
அடியில் கோடு இழுத்தேன்.

பர்வீனுக்கு அது ஒரு கைபேசி எண்.
டெரன்சுக்குக் கட்டாத பில்.
கிடங்கு அணிக்கு முகவரி,
அதுவும் பின்கோடு தப்பாக.
நாச்சியப்பன் வாயே திறக்கவில்லை;
போன ஸ்பிரிண்டிலேயே
தன் பாட்டுக்குக் கட்டி முடித்திருந்தான்.

மூன்று மணிக்கு மூடுபனி
எதிர்ச் சரிவின் தேயிலையை அழித்தது.
கரண்ட் போனது.
இருட்டில் யாருடைய முதுகோ உரசி
பலகையில் பாதி போனது.
யாரும் படம் எடுத்து வைக்கவில்லை.

இறங்கும்போது போஜனின் வேன்
வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தது,
ஓரிடத்தில் ஒதுங்கி நின்றது.
பனிக்குள்ளிருந்து ஒரு சிலிண்டர் லாரி
முக்கி முக்கி மேலே போனது.

"ஏறுற வண்டிக்குத்தான் வழி சார்.
நின்னுட்டா கிளப்ப முடியாது."

யார் போட்ட முடிவு என்றேன்.

"முடிவா?
எதிர்ல வர்றவன் மூஞ்சியே தெரியாதே."

கியர் மாற்றினான்.

பின் இருக்கையில் அதற்குள் தகராறு:
நம்மில் ஏறுகிற வண்டி எது?
மேட்டுப்பாளையம் வந்தும்
யாரும் இறங்கவில்லை.