வெட்டுப்பட்டவர்

வியாழக்கிழமை இரவுகளில் சாவது என் வேலை இல்லை.
அது டெல்ஃபீனின் வேலை.
புத்தகத்தில் செத்து, படத்தில் பிழைத்துக்கொண்டவள் அவள்.
முகமெல்லாம் மைதா அப்பிக்கொண்டு வந்து
"சவப்பெட்டிக்குக் கொடுத்த முன்பணம்
திரும்பக் கிடைக்குமா?" என்பாள்.

நான் வெட்டுப்பட்டவர்.
அந்த 'ர்' மாரிட் போட்ட மரியாதை.
படம் எடுத்தவர்கள் போட்டதில்லை.

துலூத்தில், ஏரியைப் பார்த்த சரிவில்
மாரிட் வீட்டு நிலவறை.
கொதிகலனுக்கும் சலவை இயந்திரத்துக்கும் நடுவே
ஒரு நாற்காலி, ஒரு கேமரா, பச்சைப் போர்வை.
கப்பல் ஊதினால் நிறுத்திவிட்டு
மறுபடி முதலிலிருந்து.
பகலெல்லாம் ஊரார் பல்லில் காறை சுரண்டுகிறவள்
இரவில் படங்களை வாய் திறக்கச் சொல்கிறாள்.

மாடியில் வாடகைக்கு இருக்கும் எல்ராய்தான் தயாரிப்பாளர்.
நிலவறையிலும் கறுப்புக் கண்ணாடி;
படியில் இரண்டு தடவை உருண்டிருக்கிறார்.
எந்தக் கதையானாலும் ஒரே கேள்வி:
"இதில் ஒரு நாய் வந்தால் எப்படி இருக்கும்?"
யுத்தக் கதை. நாய்.
கன்னிமாடத்துக் கதை. நாய்.
போன மாதம் நாயைப் பற்றிய நாவலே படமாகி வந்தது.
நெடுநேரம் தாடையைத் தடவினார்.
"பூனை," என்றார்.

கழுத்தில் விசிலோடு பக்க எண் பவுலாவாக
மாரிட்டே வருவாள்.
"இருநூற்றுப் பன்னிரண்டு! அவள் கோட்டுக்கு ஐந்து பொத்தான்!
படத்தில் நாலு!"
விசில்.

கடைசியில் நான்.
மழைக்கோட்டு, தகரப்பெட்டி, மேல்மூச்சு கீழ்மூச்சு.
பதினேழாம் அத்தியாயத்திலிருந்து ஓடி வருகிறேன்.
ஒரு வாரம் தபால்காரர்,
ஒரு வாரம் நாயகியின் இரண்டாவது தம்பி,
ஒரு தடவை முழு நகரசபை.
"படம் தொடங்கிவிட்டதா?"
"முடிந்தேவிட்டது. இரண்டு மணி நேரத்தில் ஏது இடம்?"
"நின்றுகொண்டாவது..."
கதவு. கதவு கிடையாது,
மாரிட் வாயாலேயே 'டப்' என்பாள்.

மற்ற நாட்களில் நான் ஒன்பதாம் எண் பஸ் ஓட்டுகிறேன்.
மூச்சிரைக்க ஓடி வருகிறவர்களுக்குக்
கதவைத் திறந்தே வைத்திருப்பேன்.
நேரம் தவறுகிறது என்று
மேலாளர் இரண்டு கடிதம் கொடுத்தாகிவிட்டது.

பிப்ரவரியில் அந்தக் கலங்கரைவிளக்கப் படம்.
அறுநூற்றுப் பத்துப் பக்க நாவல்;
கழுதை கட்டெறும்பாகியிருக்கும் என்றுதான்
நாலு பேரும் சோளப்பொரியோடு உட்கார்ந்தோம்.
பதினேழாம் அத்தியாயத்தில்
விளக்குக்கு எண்ணெய் கொண்டுவரும் படகுக்காரன்,
புத்தகத்திலேயே மூன்று வரி.
திரையில் வந்தான்.
கேனை இறக்கினான், காதைச் சொறிந்தான்,
"காற்று திரும்பிவிட்டது" என்றான், போனான்.
பதினொரு நொடி.
இருட்டில் டெல்ஃபீன் என் முழங்கையைக் கிள்ளினாள்.
எல்ராய் கண்ணாடியைக் கழற்றினார்.

அந்த வியாழன் மாரிட்டுக்கு எழுத வரவில்லை.
குறை இல்லாதவனுக்கு என்ன வசனம்?
நானே ஓடாமல் நடந்து வந்தேன்.
முதல் முறையாக நாற்காலியில் உட்கார்ந்தேன்.
ஆறு வருடமாகத் தூக்கிய பெட்டியைத் திறந்தேன்:
உள்ளே மாரிட்டின் பழைய மின்கட்டண ரசீதுகள்.
"காதைச் சொறிய விட்டார்கள்," என்றேன்.
"அது புத்தகத்தில்கூட இல்லை."
பவுலா விசிலை வாயில் வைத்தாள்,
ஊதவில்லை.
வெளியே கப்பல் ஊதியது. யாரும் நிறுத்தவில்லை.

சனிக்கிழமை வெளியானது. இருபது நிமிடம்.
நாய் இருந்தது, மைதா இருந்தது,
பொத்தான் எண்ணிக்கை இருந்தது.
நான் இல்லை.
மாரிட் தொலைபேசினாள்:
"நீளமாகிவிட்டது ஓர்வில்,
எங்கேயாவது கை வைக்க வேண்டியிருந்..."
சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.
அவள் முதலில் சிரித்தாளா நானா, தெரியாது;
என் காபி ஆறிப்போயிருந்தது.

திங்கட்கிழமை, முழங்கால் பனியில்
ஒரு பையன் பஸ்ஸைத் துரத்தி வந்தான்.
திறந்து வைத்தேன்.
ஏறியவன் என்னை உற்றுப் பார்த்தான்:
"நீங்கள் அந்த... இந்த வாரம் காணோமே?"

"படத்துக்குப் போய்விட்டேன்," என்றேன்.
"நாற்பத்தெட்டாவது நிமிடம்.
கண்ணைச் சிமிட்டிவிடாதே."