எச்சம்

அடுத்த லாரி எடைமேடையில் ஏறும்வரை
நான் படகுக்காரி.
ஒரு கண் தெரியாது.
அக்கரைக்குக் கூலி இரண்டு செம்புக்காசு,
பொய் சொல்கிறவர்களுக்கு மூன்று.

போச்சம்பள்ளி சாலையில் மாங்கூழ் ஆலை,
ஜூன் மாத இரவு ஷிப்ட்.
பெங்களூரா, பதினோரு டன் நானூறு
என்று ரசீது அடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினால்
ஆற்றின்மேல் பனி விட்ட இடத்திலேயே இருக்கும்.

படமே இல்லாத விளையாட்டு. எழுத்து மட்டும்.
முகம் தெரியாத ஒன்பது பேர்
ஒரு படகுத்துறையை நடத்துகிறோம்.

போன வாரம் வஜ்ரகாலன் என்று ஒருவன் வந்தான்.
வெட்டினேன், உன் தலை உருண்டது,
எல்லோரும் நடுங்கினார்கள் என்று
ஒரே மூச்சில் எழுதினான்.
என் தலை.
நாங்கள் நடுங்கியதையும் அவனே எழுதிக்கொண்டான்.
அதற்குமேல் என்ன செய்வதென்று
அவனுக்கே தெரியவில்லை.
கொஞ்சநேரம் சும்மா நின்றுவிட்டுப் போய்விட்டான்.

உப்பு மூட்டைச் செங்கோடன் அப்படியில்லை.
நடு ஆற்றில் ஒருநாள்
'கத்தியை உருவி,' என்று எழுதினான்.
அவ்வளவுதான். காற்புள்ளியோடு நின்றது.

பர்கூர் பள்ளியில் எட்டாம் வகுப்பில்
வினையெச்சம் என்றால் என்ன என்று கேட்டு
பதில் வராததால் வெளியே நிறுத்தினார்கள்.
இதுதான் சார் அது.
உருவியது அவன்.
முற்று என் கையில்.

நான் துடுப்பை நிறுத்தவில்லை.
'மூட்டை நனையுது பாருங்க' என்றேன்.
அவன் கத்தியைப் பார்த்து, மூட்டையைப் பார்த்து,

எனக்கு எந்தக் கண் தெரியாது என்பது
அவனுக்குத் தெரியும். நானே சொல்லியிருக்கிறேன்.
செங்கோடனுக்கு மட்டும் இன்னும் தெரியாது.
ஐந்து மாதமாக ஒருமுறைகூட
அவன் இடப்பக்கமாக வந்ததில்லை.

ஊர் கேட்டதில்லை. ஓசூராக இருக்கலாம்.
இரண்டு பத்துக்கு அடைப்புக்குறி போட்டு
(வண்டி வந்துடுச்சு) என்பான்.
அவனைப் பற்றி நிஜமாக எனக்குத் தெரிந்தது
அந்த அடைப்புக்குறி அளவுதான்.

ஹாரன். சந்தூர் லோடு.
'தண்ணி தெளிக்கலக்கா, சத்தியமா' என்கிறான் டிரைவர்.
பலகையிடுக்கில் சொட்டிக்கொண்டிருக்கிறது.
என்னையறியாமல் இடக்கண்ணை மூடி
அவனைப் பார்க்கிறேன்.
மூன்று காசு.

திரும்பி வந்தபோது அவன் இல்லை.
துறையில் ஒரு வரி மட்டும்:
கயிற்றை அவிழ்த்து, நுனியை உங்கள் பக்கம் நீட்டி,

விரலெல்லாம் மாம்பால் பிசுபிசுப்பு.
சுடிதாரில் துடைத்துக்கொண்டு