உபயோகம்

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடினால்
எனக்கு வியாபாரம்.
வண்டியை அணைத்துவிட்டு நிற்கிற சனத்துக்கு
மனு, நகல், வாடகைப் பத்திரம் என்று
ஒவ்வொன்றாய் ஞாபகம் வரும்.

அப்படித்தான் ஹசிபுலும் தபனும் வந்தார்கள்
முழங்கால் வரை காய்ந்த சேறோடு.
மூடிப்போன உரக்கடையின் மாடி,
பதினொரு மாதம், மாதம் மூவாயிரம்.
முன்பணம் பதினெட்டாயிரம்:
தலைக்கு ஐந்நூறு, முப்பத்தாறு பேர்,
ரப்பர் பேண்டு சுற்றிய பிஸ்கட் டப்பா.

எல்லாம் அடித்துவிட்டேன்.
"மேற்படி இடத்தின் உபயோகம்" என்ற இடத்தில்
விரல் நின்றது.
குடியிருக்கவா?
இல்லை, படுக்க மோட்டார் கொட்டகை இருக்கிறது.
கடையா? இல்லை.
"கிளப்" என்றான் ஹசிபுல்.
கேரம் போர்டு, பழைய டிவி, கடுகெண்ணெய் டின்,
செல்போனுக்குப் பன்னிரண்டு பிளக்.
ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம்
யாரும் 'ஏ பீகாரி' என்று கூப்பிடாமல்.
"நாங்க பீகாரே இல்லக்கா, முர்ஷிதாபாத்."

தபனுக்கு எட்டு வருஷத் தமிழ்.
"வேணாம்னு சொன்னேன், கேக்கல.
தனித்தனியா நின்னா ஆளு.
ஒண்ணா உக்காந்தா கும்பல்.
அப்புறம் எண்ண ஆரம்பிப்பாங்க."
இருவரும் அவர்கள் பாஷையில் இறங்கினார்கள்
கேட் திறக்கும் வரை.
ஒரு சொல் புரியவில்லை.
சண்டை நன்றாகப் புரிந்தது.

"உட்காருவதற்கு" என்று அடித்தேன்.

மூன்றாம் வாரம் மாசிலாமணி வந்தார்,
சொசைட்டி செயலாளராய் இருந்து ஓய்வு பெற்றவர்.
மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு.
பதினோரு கையெழுத்து, ஒரு கைநாட்டு.
'கூட்டமாக உட்காருகிறார்கள்.
ஊருக்குள் தனி ஊர் போல ஆகிறது.
நம்மோடு கலப்பதில்லை.'

கைநாட்டுக்காரி பவுனு கூடவே நின்றாள்.
"கலந்தா என்ன, கலக்காட்டி என்ன?
இருபது பேர் நட்ட வயலை
எட்டுப் பேரு கயிறு புடிச்சி
மத்தியானத்துக்குள்ள முடிச்சிட்டுப் போறான்.
குறுவைக்கு எனக்கு நாலே நாள் வேலை. அதை எழுது."
எழுதினேன்.
அந்த வரி வேண்டாம் என்றார் மாசிலாமணி.
அவருடைய மூன்று ஏக்கரும்
இந்த வருஷம் அவர்கள் நட்டதுதான்.

'நம்மோடு' என்ற சொல்லில்
மறுபடி விரல் நின்றது.
இந்த ஊரில் தெருப் பெயர் சொன்னால் போதும்,
யாருக்கு எந்த டம்ளர் என்று தெரிந்துவிடும்.
என் தெரு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்.
மாசிலாமணி தெருக் கல்யாண மண்டபத்துக்கு
ஏழு குத்தகைப் பத்திரம் எழுதியிருக்கிறேன்.
நீள அகலம், கழிவறை எண்ணிக்கை,
சமையல்கட்டின் புகைபோக்கி வரை மனப்பாடம்.
உள்ளே போனதில்லை.

"எவ்வளவு?"
"முப்பது ரூபாய்."
மேசையில் வைத்தார்.
கையை நீட்டியபடிதான் இருந்தேன்.

மனு என்ன ஆயிற்று என்று தெரியாது.
போலீஸ்காரர் ஒருவர் மாடியேறி
பெயர்களை எழுதிக்கொண்டு போனதாகக் கேள்வி.
தபன் சொன்ன மாதிரி, எண்ணிவிட்டார்கள்.
ஹசிபுல் இப்போது ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கிறான்.
திரை போட்டதால் இன்னொரு மனு வரலாம்.

போன ஞாயிறு தபன் தனியாக வந்தான்.
மகளுக்குப் பள்ளிக்கூட விண்ணப்பம், மூன்றாம் வகுப்பு.
"தாய்மொழி தமிழ்னு போட்டா பிரச்சினை வருமா?"
பாப்பா என்ன பேசுவாள் என்று கேட்டேன்.
"தூங்கும்போதா, முழிச்சிருக்கும்போதா?"

அந்தக் கட்டத்தை
பென்சிலால் வட்டமிட்டுக் கொடுத்தேன்,
டீச்சரைக் கேட்டு நிரப்பச் சொல்லி.
காசு வாங்கவில்லை.

கேட் மணி அடித்தது.
போகிறவன் திரும்பி,
"மாடில இன்னிக்கு மீன் சமைக்கிறோம், வாங்கக்கா" என்றான்.
கிளப்பே வேண்டாம் என்றவன்.
"உக்காரத்தானே? நீங்கதானே அடிச்சீங்க."

இன்னும் போகவில்லை.
இரண்டு தடவை மாடிப்படி வரை நடந்தேன்.
மேலே யாரோ சிரித்தார்கள்,
கேரம் காய் ஒன்று விழுந்து உருண்டது.
செருப்பைக் கீழேயே விடுவதா,
மேலே போய்க் கழற்றுவதா என்று
எனக்குத் தெரியவில்லை.