கதவு வைக்காத அறை

முதல் பதிப்பில் எல்லாம் சதுரம்.
எனக்குப் பதினோரு வயது.
வூஜ் நகரில், நான்காம் மாடியில்,
முப்பத்தெட்டுச் சதுர மீட்டருக்குள்
நாங்கள் நால்வர், ஒரு தையல் மிஷின்,
பால்கனி முழுக்க வெள்ளரி ஊறும் ஜாடிகள்,
அப்பாவின் டிராம் டிப்போ சட்டை காயும் கயிறு.
கம்ப்யூட்டர் அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவே.
நாற்காலியைத் தள்ளினால்
போக்னாவின் முழங்காலில் இடிக்கும்.

நான் முதலில் கட்டியது குளியலறை.
எங்கள் வீடு மொத்தமும் அதற்குள் அடங்கும்.
பிறகு எனக்கும் தங்கைக்கும் தனித்தனி அறை.
அவளுக்குப் பியானோ வேண்டுமாம்.
உனக்கு வாசிக்கத் தெரியாதே என்றேன்.
"அதுக்குத் தெரியும்" என்றாள்,
திரையில் இருந்த பொம்மையைக் காட்டி.

அப்புறம் இரெனெயுஷ்.
அப்பாவின் பெயரையே போட்டேன், மீசையோடு.
சம்பள வெள்ளிகளில்
அவர் கால் எந்தப் படியில் தடுக்குகிறது என்று
காதால் எண்ணிக்கொண்டே
மவுஸால் அவரைச் சுற்றி
நான்கு சுவர் இழுத்தேன்.
கதவு வைக்கவில்லை.

நீச்சல்குளத்தில் இறக்கிவிட்டு ஏணியை எடுத்துடு
என்றான் வகுப்பில் ஒருவன்.
எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்.
என்னால் முடியவில்லை.
உள்ளே ஃபிரிட்ஜ் வைத்தேன். கட்டில். கழிப்பறை.
மறுநாள் ஒரு ஜன்னல்.
சலிக்குமே என்று ஒரு டிவி.
கடைசியில் அந்த வீட்டிலேயே
வசதியான அறை அதுதான்.
அவர் இரண்டு கையையும் ஆட்டி
என்னை அண்ணாந்து பார்த்து
புரியாத மொழியில் கத்துவார்.
அது எனக்குப் புதிதில்லை.

இரண்டாம் பதிப்பில் பொம்மைகளுக்கு வயதாகத் தொடங்கியது.
நான் போஸ்னானில், ஹாஸ்டலில்.
கூரைச் சாய்வு ஒத்துவராமல் ஓர் இரவு முழுக்கப் போராட்டம்,
காலையில் பரீட்சை.
போக்னா அழைத்தாள்:
அப்பா குடியை விட்டு இன்றோடு அறுபது நாள்.
ம், என்றேன்.
புகைபோக்கியை இரண்டு கட்டம் இடப்பக்கம் நகர்த்தினேன்.

மூன்றாவதில் எதற்கும் எந்த நிறமும் பூசலாம்.
சோபாவுக்கு ஒரு பச்சையைத் தேடி மூன்று நாள் போனது.
கிடைத்த பிறகுதான் தெரிந்தது,
அது ஆறாம் எண் டிராமின் இருக்கை.
ஊர் மொத்தமும் திறந்தே கிடந்தது அதில்.
கூப்பிடாத பக்கத்துவீட்டார் வந்து
மீந்த கேக்கைத் தின்றுவிட்டுப் போனார்கள்.

நான்காவதில் ஓர் அறையைச் சுவரோடும் விளக்கோடும்
அப்படியே தூக்கி வேறிடத்தில் வைக்கலாம்.
நிஜத்தில் என் வாடகை வீடு நாற்பத்தொரு சதுர மீட்டர்.
மூன்று மீட்டர் முன்னேற்றம்.
ஆணியடிக்க வீட்டுக்காரியிடம்
எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

வாங்கினேன். போன சனிக்கிழமை
அப்பா வந்தார், ட்ரில் மிஷினோடு.
ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்கும்வரை
இருவரும் மூச்சுவிடவில்லை.
முதல் ஓட்டை போட்டுத் தூசி ஊதியபோது
திரையைப் பார்த்துவிட்டார்.
போக்னா அனுப்பிய பழைய ஹார்ட் டிஸ்க்,
அதில் அந்த முதல் வீடு.
முதல் பதிப்பில் பெரியவர்களுக்கு வயதாவதில்லை.
மீசை அப்படியே இருந்தது.

"இவன் யாரு?"
குனிந்து பெயரைப் படித்தார்.
கீழே தெருவில் ஒரு டிராம் வளைவில் கிறீச்சிட்டுப் போகும்வரை
பேச்சில்லை.
"ஜன்னல் வெச்சிருக்கே" என்றார்.
"டிவியும்."
பிறகு, "கதவு என்ன விலை?"
"நூறு."
சட்டைப்பையைத் தடவினார்,
கண்ணாடியைத் தேடுபவர் போல.
கண்ணாடி மூக்கில்தான் இருந்தது.

வாங்கி வைத்தேன்,
இருப்பதில் மலிவானது, பழுப்பு நிறம்.
அந்த ஆள் எழுந்திருக்கவே இல்லை.
டிவி முன்னால் அப்படியே.
"விடு, படம் முடியட்டும்" என்றார் அப்பா,
இரண்டாவது ஓட்டைக்குப்
பென்சிலால் குறி வைத்தபடி.